ஓடும் பேருந்தும் ஓடாத தரவும்

ஹெப்பாளிலிருந்து வெளிவட்டச் சாலை வழியாக சில்க் போர்டுக்குப் போகும் 500-டி பேருந்து இந்த நிமிடம் எங்கே நிற்கிறது? மாரத்தஹள்ளி நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. பதில் ஏற்கெனவே ஒரு கணினியில் இருக்கிறது. பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகம், ஊரார் வாயில் பிஎம்டிசி, 2016-இல் தன் பேருந்துகளில் ஜிபிஎஸ் கருவிகளைப் பொருத்தி, அவை அனுப்பும் இடத்தகவலை ஒரு கட்டுப்பாட்டு அறையில் திரட்டத் தொடங்கியது. அதே ஆண்டு பயணிகளுக்கென்று ஒரு செயலியும் வந்தது. அந்தச் செயலி நிலைக்கவில்லை. கருவிகள் மாறின, ஏற்பாடுகள் மாறின, 2023-இல் ‘நம்ம பிஎம்டிசி’ என்ற புதிய செயலி வந்தது. மாறாமல் இருப்பது ஒன்று. பொதுப்பணத்தில் பிறக்கும் இந்தத் தகவலைப் பொதுமக்கள் பார்ப்பதற்குக் கழகம் திறந்துவைத்த சன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் செயலி பழுதானால் பேருந்து ஓடிக்கொண்டேயிருக்கும், அதைப் பற்றிய செய்தி நின்றுவிடும்.

இந்தக் கட்டுரையின் வாதம் எளியது. நகர நிர்வாகம் செயலி கட்டுவதற்கு முன்னால் தரவோடையைத் திறக்க வேண்டும். அதாவது, தன் கணினியில் நொடிக்கு நொடி சேரும் தகவலை, எந்த நிரலாளரும் எந்த இணையதளமும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய வடிவில், நிலையான முகவரியில், தெளிவான உரிமத்தோடு, இடைவிடாமல் வெளியிட வேண்டும். செயலி அதற்குப் பிறகு வரட்டும். ஒன்று வரலாம், ஐம்பது வரலாம்.

இது சாத்தியம் என்று உலகுக்குக் காட்டியது ஒரு நடுத்தர அளவு நகரம். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் டிரைமெட் என்ற போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய பிபியானா மெக்ஹ்யூ, காரில் போக வழி கேட்டால் இணைய வரைபடம் உடனே சொல்கிறது, பேருந்தில் போக ஏன் சொல்வதில்லை என்று கேட்டார். கூகுளில் அப்போது அதே எண்ணத்தில் இருந்த கிறிஸ் ஹாரெல்சனோடு அவர் கைகோத்ததில், 2005 டிசம்பரில் போர்ட்லாந்துக்கு ஒரு பயணத் திட்டமிடும் சேவை பிறந்தது. அதற்காக உருவான கோப்பு வடிவம்தான் இன்று உலகெங்கும் ஜிடிஎஃப்எஸ் என்று அறியப்படுகிறது. அதற்குள் வியப்பூட்டும் தொழில்நுட்பம் எதுவும் இல்லை என்பதே அதன் பலம். ஒரு சுருக்கப்பட்ட கோப்பு, அதனுள் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட சில உரைக்கோப்புகள். ஒன்றில் நிறுத்தங்களும் அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகைகளும். ஒன்றில் தடங்கள். ஒன்றில் அந்தத் தடத்தில் ஓடும் ஒவ்வொரு நடையும். இன்னொன்றில் ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு நிறுத்தத்தைத் தொடும் நேரம். எது எந்தக் கிழமையில் ஓடும் என்று சொல்ல ஒரு நாள்காட்டி. நள்ளிரவைத் தாண்டி ஓடும் பேருந்துக்கு 25:10 என்று நேரம் எழுதுவார்கள். நாள்காட்டிப்படி மறுநாள் பிறந்துவிட்டாலும் பணிமனைக் கணக்கில் அது நேற்றைய வண்டிதான் என்பதால் இந்த ஏற்பாடு. பேருந்துத் தொழில் தெரிந்தவர்கள் உட்கார்ந்து யோசித்த வடிவம் என்பது இப்படிப்பட்ட இடங்களில் தெரியும்.

2011-இல் இதற்கு நிகழ்நேரத் துணை ஒன்று வந்தது. அது மூன்று வகைச் செய்திகளைச் சுமக்கிறது: வண்டி இப்போது இருக்கும் இடம், அட்டவணையிலிருந்து எவ்வளவு தாமதம், ‘இந்தத் தடம் இன்று திருப்பிவிடப்பட்டுள்ளது’ போன்ற அறிவிப்பு. அட்டவணைக் கோப்பு மாதத்துக்கு ஒருமுறை மாறினாலும் போதும். நிகழ்நேர ஓடை அரை நிமிடத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கப்படாவிட்டால் பயனில்லை.

பெங்களூருவுக்கு இந்த இரண்டாவது பாதி மற்ற ஊர்களைவிட முக்கியம். பிஎம்டிசியின் அட்டவணைகள் பெரும்பாலும் வண்டி புறப்படும் நேரத்தைத்தான் சொல்கின்றன. மெஜஸ்டிக்கிலிருந்து காடுகோடி போகும் 335-இ காலை எட்டு மணிக்குப் புறப்படும் என்பது தெரிந்தால், தொம்மலூரில் நிற்பவருக்கு அது எப்போது வரும்? தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டு இடைநேரங்களை நிரப்பலாம். இந்த ஊர்ப் போக்குவரத்து நெரிசலில் அந்தக் கணக்கு மழைநாளில் ஒன்று சொல்லும், ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று சொல்லும், இரண்டும் தவறாக இருக்கும். நிறுத்தத்தில் நிற்பவருக்கு நம்பத்தகுந்த ஒரே தகவல் வண்டியின் உண்மையான இடம் மட்டுமே.

இந்த வேலையை அரசு செய்யாதபோது ஊர்க்காரர்கள் செய்தார்கள். 2011-இல் உருவான டேட்டாமீட் என்ற தன்னார்வக் குழுவைச் சுற்றியும் அதற்கு வெளியேயும் இருந்த நிரலாளர்கள், கழக இணையதளத்தின் தடப் பக்கங்களை நிரல்கொண்டு திரட்டி, நிறுத்தங்களை வரைபடத்தில் பொருத்தி, நிரல் பகிர்வுத் தளமான கிட்ஹப்பில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். புதிய செயலி வந்தபின் அதிலிருந்து கிடைக்கும் தகவலை வைத்து அதிகாரபூர்வமற்ற ஜிடிஎஃப்எஸ் தொகுப்பும் உருவாகியிருக்கிறது. இதைக் கொண்டு எந்தப் பகுதியில் பேருந்து அடிக்கடி வருகிறது, எந்தப் பகுதி வறண்டு கிடக்கிறது என்று வரைபடங்கள் வரையப்பட்டன. இவர்கள் செய்த வேலையின் நுணுக்கத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். திறந்த தரவு பற்றிய பேச்சில் இந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

ஒரே பெயருள்ள நிறுத்தம் சாலையின் இரு புறமும் இருக்கும். கணினிக்கு அவை இரண்டு நிறுத்தங்கள். தவறான பக்கத்தைக் காட்டும் செயலி, வெளிவட்டச் சாலையில் ஒரு முதியவரை நடைமேம்பாலம் தேடி அலைய வைத்துவிடும். கழகப் பதிவேட்டில் கெம்பேகவுடா பேருந்து நிலையம் என்று இருப்பதை ஊரே மெஜஸ்டிக் என்கிறது. அந்த நிலையத்துக்குள் நடைமேடைகள் பல. எல்லாவற்றையும் ஒரே புள்ளியாகக் காட்டினால் பாதி உதவிதான். ஒரு நிறுத்தத்தின் பெயர் ஆங்கில எழுத்துகளில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால், மூன்றும் ஒன்றுதானா என்று யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்து முடித்த மறுவாரம் கழகம் தன் இணையதளத்தின் அமைப்பை மாற்றினால், திரட்டும் நிரல் நின்றுபோகும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சட்டத்தின் நிழலும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-ஆம் பிரிவில், ஒரு கணினியின் உரிமையாளரின் அனுமதியின்றி அதிலிருந்து தரவை நகலெடுப்பதையும் பிரித்தெடுப்பதையும் தவறு என்கிறது. பேருந்து நேரத்தைத் திரட்டியதற்காக யாரும் வழக்குத் தொடுக்கப்போவதில்லை என்று நம்பி ஒரு மாணவர் இதைச் செய்யலாம். அந்த நம்பிக்கையின் மேல் ஒரு நிறுவனமோ மருத்துவமனையோ தன் சேவையைக் கட்டாது. அதனால்தான் உரிமம் முக்கியமாகிறது. ‘இந்தத் தரவை எவரும் பயன்படுத்தலாம், மூலத்தைக் குறிப்பிட வேண்டும்’ என்ற ஒரு வரி, நிரலாளரின் தயக்கத்தையும் நிறுவனத்தின் வழக்கறிஞரின் தயக்கத்தையும் ஒருசேரப் போக்கிவிடும். ஒன்றிய அரசு 2017 பிப்ரவரியில் அப்படியொரு திறந்த தரவு உரிமத்தை அறிவித்தது. அதற்கு முன்பே, 2012-இல், தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும் அதைத் தொடர்ந்து அக்டோபரில் ஒன்றிய அரசின் தரவுத் தளமும் வந்துவிட்டன. ஆனால் அந்தக் கொள்கை ஒன்றிய அரசின் துறைகளைக் கட்டுப்படுத்துவது. மாநிலத்தின் கீழ் வரும் பேருந்துக் கழகத்துக்கும் மாநகராட்சிக்கும் அது வழிகாட்டலாம், கட்டளையிட முடியாது.

கூகுள் வரைபடத்தில் பேருந்து விவரம் தெரிகிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பெரிய நிறுவனத்திடம் மட்டும் கோப்பைக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கதவை மூடினால், அதைத் திறந்த தரவு என்று சொல்ல முடியாது. பொதுச் சொத்தின் குத்தகை மட்டும் அங்கே கைமாறியிருக்கிறது.

பெங்களூருவுக்கு இந்த விவாதம் புதிதன்று. மாநகராட்சியின் கணக்கைக் கேட்பதில் இந்த ஊருக்கு நாட்டிலேயே முன்னோடி மரபு ஒன்று இருக்கிறது. சாமுவேல் பால் 1994-இல் நிறுவிய பொது விவகார மையம், நகரச் சேவைகளுக்குக் குடிமக்களிடமே மதிப்பெண் வாங்கி அறிக்கை அட்டை வெளியிட்டது. 1999-இல் அன்றைய முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணா அமைத்த பெங்களூரு செயற்குழுவின் காலத்தில் மாநகராட்சியின் கணக்குமுறை கணினிக்கு மாறத் தொடங்கியது. கணக்கு கணினியில் இருக்கிறதென்றால் காலாண்டுக்கு ஒருமுறை அதை எங்களிடம் காட்டலாமே என்று கேட்டு 2002 ஜூலையில் ‘புரூஃப்’ என்ற இயக்கம் தொடங்கியது. ஜனாக்ரஹா, பொது விவகார மையம், அக்ஷரா, வாய்சஸ் ஆகிய அமைப்புகள் அதில் இருந்தன. மாநகராட்சி ஆணையர் வரவுசெலவு அறிக்கையோடு மக்கள் முன் வந்து உட்கார்ந்த கூட்டங்கள் நடந்தன. தேசியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல்தான் வந்தது. தமிழ்நாடு 1997-இலும் கர்நாடகம் 2000-இலும் தத்தம் சட்டங்களை இயற்றியிருந்தன.

அந்த 2005 சட்டத்தின் 4-ஆம் பிரிவை இன்றைய நிரலாளர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். யாரும் விண்ணப்பிக்காமலே அலுவலகங்கள் தாமாக முன்வந்து தகவலை வெளியிட வேண்டும், மக்கள் இந்தச் சட்டத்தின் கீழ் மனுப்போட வேண்டிய தேவையே குறையும்படி அது இருக்க வேண்டும் என்கிறது அது. கணினியில் ஏற்றத்தக்க பதிவேடுகளை ஏற்றி வலையமைப்பில் இணைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தரவோடை என்ற சொல் அதில் இல்லை. ஆனால் முப்பது நாள் காத்திருந்து, தாளில் அச்சிட்ட பட்டியலை வாங்கி, மறுபடி கணினியில் தட்டச்சு செய்யும் இன்றைய நடைமுறைக்கு அந்தப் பிரிவில் எந்த ஆதரவும் இல்லை.

இப்படிச் சேரும் தகவல்களுக்குப் பெங்களூருவில் ஒரு சேமிப்பிடமும் உண்டு. ஊர்வாணி அறக்கட்டளை நடத்தும் ஓப்பன்சிட்டி தளத்தில் வரவுசெலவுத் திட்டங்கள், வார்டு எல்லைகள், தகவல் உரிமை மனுவின்வழி பெறப்பட்ட பட்டியல்கள் எனப் பலவும் தொகுக்கப்பட்டிருக்கின்றன. அரசு செய்ய வேண்டிய நூலகர் வேலையைக் குடிமைச் சமூகம் செய்கிறது. என்றாலும் நூலகமும் ஓடையும் வேறு வேறு. நேற்றைய பட்டியலை ஆய்வாளர் கொண்டாடுவார். இன்று காலை எட்டரை மணிக்கு என்ன நிலவரம் என்பதே செயலிக்கு வேண்டும்.

வார்டு எல்லை என்று சொன்னேன். இந்த ஊரில் குடிமைச் செயலி கட்டும் ஒவ்வொருவரும் இடறி விழும் கல் அதுதான். 2007-இல் பழைய மாநகராட்சியின் 100 வார்டுகளோடு சுற்றியிருந்த நகராட்சிகளையும் 110 கிராமங்களையும் சேர்த்து பிருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே உருவானது. 2010 தேர்தலில் வார்டுகள் 198. 2022-இல் மறுவரையறை செய்து 243 என்றார்கள். 2023-இல் அது 225 ஆனது. இடையில் 2020 செப்டம்பரோடு மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடக்காமலேயே ஆண்டுகள் கடந்தன. 2025-இல் பெருநகரப் பெங்களூரு ஆட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, செப்டம்பரில் பாலிகேயின் இடத்தில் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள் அமைந்தன. வார்டுகள் மீண்டும் புதிதாக வரையப்பட்டன.

குப்பை, குழி, தெருவிளக்குப் புகார்களை வார்டு எண்ணின்கீழ் சேமித்த ஒரு செயலியை நினைத்துப் பாருங்கள். 2015-இல் ‘வார்டு 150’ என்று, அதாவது பெல்லந்தூரின் கீழ், பதிவான ஆயிரம் புகார்கள் இன்று எந்த ஊரைச் சேர்ந்தவை? அந்த எண் இன்றைக்கு வேறொரு இடத்தைக் குறிக்கும், அல்லது எதையுமே குறிக்காது. பத்தாண்டுப் போக்கை ஒப்பிட முயலும் ஆய்வாளர் தன்னையறியாமல் பெல்லந்தூரை வேறெதோடோ ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். இதற்குத் தீர்வு தெரிந்த ஒன்று. புகாரைப் பதியும்போது அட்சரேகை, தீர்க்கரேகையைச் சேமிக்க வேண்டும். வார்டைத் தேவைப்படும்போது எல்லைக் கோப்பிலிருந்து கணித்துக்கொள்ள வேண்டும். எல்லைக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ‘இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும்’ என்ற தேதி இருக்க வேண்டும். பழைய கோப்பை அழிக்கவே கூடாது. டேட்டாமீட் தொகுத்துவைத்திருக்கும் நகராட்சி எல்லைக் கோப்புகளின் அருமை இங்கேதான் புரிகிறது. எல்லை மாற்றத்தை அரசிதழில் பிடிஎஃப்பாக, ‘வடக்கே இன்ன சாலை, கிழக்கே இன்ன கால்வாய்’ என்று உரைநடையில் அறிவிக்கும் வழக்கம் நமக்கு இருக்கிறது. அதைப் படித்து ஒருவர் கோடு வரைய வேண்டும். அந்தக் கோட்டையும் அரசே அதே நாளில் கணினிக் கோப்பாக வெளியிட்டால் எத்தனை பேரின் எத்தனை இரவுகள் மிஞ்சும்!

தரவு திறந்திருந்தாலே போதும், மற்றது தானாக நடக்கும் என்றும் சொல்ல முடியாது. காற்றுத்தரம் இதற்கு நல்ல சான்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிகழ்நேரக் காற்றுத்தரத் தகவல் ஒன்றிய அரசின் தரவுத் தளத்தில் ஏபிஐ எனப்படும் நிரல் இடைமுகம் வழியாகக் கிடைக்கிறது. பெங்களூருவின் பீன்யா, ஹெப்பாள், ஜெயநகர், பிடிஎம் லேஅவுட், சில்க் போர்டு நிலையங்களின் எண்களை யாரும் தன் தளத்தில் காட்டலாம். இந்தியாவில் ஓரளவு உண்மையாகவே திறந்திருக்கும் ஓடைகளில் இது ஒன்று. ஆனால் அதை எடுத்துக் காட்டுபவர்கள் இழைக்கும் பிழைகள் மக்களைத் தவறான முடிவுக்குத் தள்ளக்கூடியவை.

2015-இல் அறிமுகமான இந்தியக் காற்றுத்தரக் குறியீடு, நுண்துகள்களுக்கு 24 மணிநேரச் சராசரியை எடுத்துக் கணிக்கப்படுவது. ஒவ்வொரு மாசுக்கும் துணைக்குறியீடு கண்டு, அவற்றில் மிக உயர்ந்ததை அன்றைய குறியீடாகக் கொள்வார்கள். குறைந்தது மூன்று மாசுகளின் அளவு இருக்க வேண்டும், அவற்றுள் ஒன்று நுண்துகளாக இருக்க வேண்டும். சில தளங்கள் ஒரு மணிநேரத்தின் அளவை மட்டும் அதே வாய்ப்பாட்டில் போட்டு, அதையும் குறியீடு என்றே எழுதிவிடுகின்றன. வேறு சில தளங்கள் அமெரிக்க அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. பிஎம் 2.5 என்ற நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் இந்திய அளவுகோலில் குறியீடு 100, ‘திருப்திகரம்’. அதே காற்று அமெரிக்க அளவுகோலில் 150-ஐத் தாண்டி ‘உடல்நலத்துக்குக் கேடு’ ஆகிவிடும். இரண்டு செயலிகள், ஒரே நிலையம், ஒரே காற்று, இரண்டு தீர்ப்புகள். ஆஸ்துமா உள்ள பிள்ளையை விளையாட அனுப்பலாமா என்று பார்க்கும் தாய் எதை நம்புவார்? எந்த அளவுகோல், எத்தனை மணிநேரச் சராசரி, எந்த நிலையம், எத்தனை மணிக்கு எடுத்த அளவு என்ற நான்கையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதாத எந்தச் செயலியையும் நான் நம்பத் தயாரில்லை.

அந்த நான்கில் கடைசியானது எல்லா ஓடைகளுக்கும் பொருந்தும். நிலையத்தின் கருவி பழுதாகி நேற்று மாலையோடு அளவு நின்றிருக்கும். செயலி அந்தக் கடைசி எண்ணையே புதிது போலக் காட்டிக்கொண்டிருக்கும். பேருந்திலும் இதேதான். ஜிபிஎஸ் கருவி இருபது நிமிடத்துக்கு முன் பேச்சை நிறுத்திவிட்ட வண்டி, வரைபடத்தில் அதே இடத்தில் அசையாமல் நிற்கும். பயணி அதை நம்பிக் காத்திருப்பார். தகவல் இல்லை என்று சொல்லும் செயலி அவரை ஆட்டோவையோ மெட்ரோவையோ நாட வைத்திருக்கும். பழைய தகவலைப் புதிதாகக் காட்டும் செயலி அந்த வாய்ப்பையும் பறித்துவிடுகிறது. அதனால் ஓடையை எடுத்துப் பயன்படுத்துபவர்களின் முதல் கடமை, ஒவ்வொரு தகவலோடும் அது பிறந்த நேரத்தைக் காட்டுவதும், குறிப்பிட்ட வயதைத் தாண்டிய தகவலைத் திரையிலிருந்து நீக்குவதும். இரண்டாவது கடமை மூலத்தைத் துன்புறுத்தாமல் இருப்பது. ஆயிரம் பயனர்களின் கைபேசிகள் தனித்தனியாக அரசின் சர்வரைத் தட்டக் கூடாது. செயலியின் சர்வர் ஒருமுறை எடுத்துவைத்து எல்லோருக்கும் பகிர வேண்டும். 2021 கோடையில் கோவின் என்ற கோவிட் தடுப்பூசித் தளத்தின் ஏபிஐ பொதுவில் திறக்கப்பட்டபோது, காலியிடம் தேடும் நிரல்கள் அதை மொய்த்தன. சில நாள்களில், அரைமணி நேரம் வரை பழையதாக இருக்கக்கூடிய தகவலும், ஐந்து நிமிடத்துக்கு நூறு கேள்விகள் என்ற வரம்பும்தான் மிஞ்சின. காலியிடங்கள் நொடிகளில் நிரம்பிய காலத்தில் அரைமணி நேரத் தாமதம் என்பது கதவடைப்புக்குச் சமம். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஊசி கிடைக்கிறது என்று அப்போது எழுந்த கோபமும் நியாயமானது. திறந்த ஓடை யாருக்கு முதலில் பயன்படும் என்ற கேள்வியை அந்த அனுபவம் அழுத்தமாக எழுப்பிவிட்டது.

அதே பெருந்தொற்றுக் காலம் இன்னொரு எல்லையையும் காட்டியது. கர்நாடகச் சுகாதாரத் துறை அன்றாடம் வெளியிட்ட பிடிஎஃப் அறிக்கையைப் போல ஒவ்வொரு மாநில அறிக்கையையும் படித்து, எண்களைப் பிரித்து, யாரும் பயன்படுத்தும் ஓடையாக மாற்றித் தந்தது ‘கோவிட்19இந்தியா’ என்ற தன்னார்வலர் குழு. 2020 மார்ச்சில் தொடங்கி 2021 அக்டோபர் இறுதிவரை அவர்கள் அதை நடத்தினார்கள். செய்தித்தாள்களும் ஆய்வாளர்களும் அதை நம்பி இயங்கினார்கள். ஒரு நாடு தன் நோய்க் கணக்கை அறிய இளைஞர்களின் இரவு உழைப்பைச் சார்ந்திருந்தது. பெருமைக்கும் வருத்தத்துக்கும் அதில் ஒருங்கே இடமுண்டு. அதே 2020 மார்ச்சில் கர்நாடக அரசு, வெளிநாட்டிலிருந்து திரும்பி வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் முகவரிப் பட்டியலை வெளியிட்டது. பெங்களூருவில் மட்டும் ஆயிரக்கணக்கான வீடுகள் அதில் இருந்தன. அந்தப் பட்டியல் வாட்ஸப்பில் தெருத்தெருவாகச் சுற்றியது. எண்ணைப் பிடிஎஃப்பில் பூட்டிய அதே நிர்வாகம் மனிதர்களின் வீட்டு வாசலைத் திறந்து காட்டியது.

திறந்த தரவுக்காக வாதிடுபவர்கள் இந்த வேறுபாட்டில் உறுதியாக நிற்க வேண்டும். பேருந்தின் இடம், மழையின் அளவு, வார்டின் எல்லை, ஒப்பந்தத்தின் தொகை ஆகியவை நிர்வாகத்தைப் பற்றிய தகவல்கள். நோயாளியின் முகவரி, புகார் கொடுத்தவரின் கைபேசி எண், பயண அட்டையின் போக்குவரத்து வரலாறு ஆகியவை மனிதரைப் பற்றிய தகவல்கள். இரண்டாவதைக் காக்கிறோம் என்ற பெயரில் முதலாவதை மறைப்பதும் நடக்கும். 2023-இன் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவலுக்கு இருந்த பொதுநலன் என்ற விதிவிலக்கை அந்தப் பிரிவிலிருந்து நீக்கியபோது தகவல் உரிமைச் செயல்பாட்டாளர்கள் எதிர்த்தது இந்த அச்சத்தால்தான்.

எங்கே போய் நிற்கும் என்று தெரியாத பெரிய பயன்களும் இந்த ஓடைகளில் உண்டு. 2022 செப்டம்பர் 4 இரவு பெய்த மழையில் பெல்லந்தூரும் மகாதேவபுரமும் வெளிவட்டச் சாலையும் மூழ்கின. மறுநாள் காலை எட்டரை வரை நகர நிலையத்தில் பதிவானது 131.6 மில்லிமீட்டர். ஆனால் ஒரு நகர எண்ணால் பெங்களூரு மழையைச் சொல்லிவிட முடியாது. ஓரிடத்தில் கொட்டும்போது பத்து கிலோமீட்டர் தள்ளித் தூறலும் இருக்காது. கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் அனுப்பும் தானியங்கி மழைமானிகளின் அடர்ந்த வலையை வைத்திருக்கிறது. இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் எளிதில் வாய்க்காத அமைப்பு அது. 2020-இல் ‘பெங்களூரு மேக சந்தேஷா’ என்ற செயலியும் வந்தது. மையம் நாள்தோறும் அறிக்கைகளையும் வரைபடப் படங்களையும் வெளியிடுகிறது. படத்தை மனிதக் கண் பார்க்கலாம், நிரலால் எளிதில் படிக்க முடியாது. அதே எண்கள் ஓடையாகத் திறந்திருந்தால், ஒரு குடியிருப்புச் சங்கம் தன் மேற்புறத்து ராஜகாலுவே என்ற பெருவடிகாலில் என்ன மழை இறங்குகிறது என்று பார்த்து அடித்தளத்து வண்டிகளை நேரத்தோடு மேலேற்றும். ஆம்புலன்ஸ் சேவை மாற்றுவழி தேர்ந்தெடுக்கும். இவற்றையெல்லாம் மையமே ஒரு செயலிக்குள் கட்டித்தர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பேருந்திலும் அப்படியே. 2023 ஜூன் 11 முதல் சக்தித் திட்டத்தில் கர்நாடகப் பெண்கள் அரசுப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் பூச்சியக் கட்டணச் சீட்டு கிழிக்கப்படுகிறது. எந்த நிறுத்தத்தில் ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்ற கணக்கு அந்தக் கருவியிலேயே பதிவாகிறது. வெளியே வருவது பெரும்பாலும் மொத்தப் பயணங்களின் எண்ணிக்கை. பெயர், முகவரி எதுவும் இல்லாத இந்தச் சீட்டுக் கணக்கைத் தடவாரியாக, மணிவாரியாக வெளியிட்டால், காலை ஆறு மணிக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் எந்தத் தடத்தில் நெருக்கியடித்துப் போகிறார்கள் என்பதை ஒரு கல்லூரி மாணவியால் நிறுவிக் காட்ட முடியும். இதே ஊரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தோடு இணைந்து 2022-இல் தொடங்கிய ‘நம்ம யாத்ரி’ செயலி, எத்தனை பேர் தேடினார்கள், எத்தனை பயணம் முடிந்தது என்ற எண்களைத் தன் தளத்தில் பொதுவில் வைத்திருக்கிறது. ஒரு தனியார் முயற்சியால் முடிந்ததைச் செய்யப் பொதுக் கழகம் தயங்குவதற்குக் காரணம் தொழில்நுட்பமாக இருக்க முடியாது.

தயக்கத்தின் காரணங்கள் புரிந்துகொள்ளக்கூடியவையே. ஓடை திறந்தால் தாமதமும் ரத்தான நடைகளும் எல்லோர் கண்ணிலும் படும். தரவை விற்றுக் காசாக்கலாம் என்று யாராவது ஆலோசனை சொல்லியிருப்பார்கள். கருவி பொருத்திய நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் தரவு யாருக்குச் சொந்தம் என்பதே தெளிவாக இல்லாமல் இருக்கலாம். விற்பனைக் கணக்குக்கு லண்டன் பதில் சொல்கிறது. அந்நகரப் போக்குவரத்து நிறுவனம் தன் தரவை இலவசமாகத் திறந்துவிட்டதால் பயணிகளுக்கும் நகருக்கும் நிறுவனத்துக்கும் சேர்ந்து ஆண்டுக்கு 130 மில்லியன் பவுண்டு வரை பயன் கிடைக்கிறது என்று 2017-இல் டெலாய்ட் ஆய்வு மதிப்பிட்டது. அறுநூறுக்கும் மேற்பட்ட செயலிகள் அந்த ஓடையில் இயங்கின. நம் நாட்டுக்குள்ளேயே கொச்சி மெட்ரோ 2018-இல் தன் தரவை ஜிடிஎஃப்எஸ் வடிவில் வெளியிட்டது. அதே ஆண்டு இறுதியில் தில்லி அரசு, ஐஐஐடி-தில்லியோடு சேர்ந்து பேருந்துகளின் நிகழ்நேர ஓடையைத் திறந்தது. ஒரு கல்வி நிறுவனம் ஓடையைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றது தில்லி முறையின் நல்ல அம்சம். இந்திய அறிவியல் கழகமும் ஐஐஐடியும் இருக்கும் பெங்களூருவில் அதற்கு ஆள் பஞ்சம் இல்லை.

மொழியையும் சொல்ல வேண்டும். சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழர்கள் உண்டு. தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்து இறங்குபவர்கள் நாள்தோறும் உண்டு. கன்னடமும் ஆங்கிலமும் எழுத்துக்கூட்டத் தெரியாத ஒருவருக்கு ‘அண்ணே, சில்க் போர்டு வண்டி மூணாவது நடைமேடை, அஞ்சு நிமிஷத்துல வரும்’ என்று தமிழில் பேசிச் சொல்லும் செயலியைப் பிஎம்டிசி கட்டித்தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. தெலுங்குக்காரருக்கும் ஒடியாக்காரருக்கும் பார்வையற்றவருக்கும் தனித்தனியே அது கட்டிக்கொண்டிருக்க முடியாது. ஜிடிஎஃப்எஸ் வடிவில் நிறுத்தப் பெயர்களைப் பல மொழிகளில் தருவதற்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. ஓடை திறந்திருந்தால் ஒசூரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பொறியியல் மாணவர் அந்தக் கோப்பைத் தமிழில் நிரப்பி, மீதியையும் கட்டிவிடுவார்.

புதிய ஐந்து மாநகராட்சிகளும் இனி தத்தம் குப்பை வண்டிகளுக்கும் தெருவிளக்குகளுக்கும் வடிகால் உணரிகளுக்கும் கருவி வாங்க ஒப்பந்தம் கோரும். ஐந்தும் ஐந்து நிறுவனங்களிடம் வாங்கி, ஐந்து செயலிகளை வெளியிடும் வாய்ப்பு அதிகம். ஒப்பந்த ஆவணத்தில் நான்கு வரிகள் சேர்ந்தால் அது வேறாக அமையும்: கருவியிலிருந்து வரும் தரவு மாநகராட்சிக்குச் சொந்தம். அது பொது வடிவில், திறந்த உரிமத்தில், நிலையான முகவரியில் வெளியிடப்படும். நிறுத்தம், விளக்குக் கம்பம், வண்டி ஆகியவற்றுக்குத் தரப்படும் எண்கள் ஒப்பந்ததாரர் மாறினாலும் மாறா. ஓடை நின்றுபோகும் ஒவ்வொரு மணிக்கும் ஒப்பந்ததாரருக்கு அபராதம், வண்டி நின்றுபோனால் விதிப்பதைப் போலவே. இவற்றைப் பின்னால் சேர்க்க நீதிமன்றம் போக வேண்டியிருக்கும், ஆண்டுகள் பிடிக்கும். ஏலம் கோரும் நாளில் சேர்க்க ஓர் அதிகாரியின் கையெழுத்து போதும்.